நாய் வளர்க்கும் வீட்டில் புல்தரை: முழுமையான வழிகாட்டி

வீட்டுக்கு முன்னால் இரண்டு சென்ட் இடம் மிச்சமிருந்தால் லான் போட ஆசை வரும். அதே வீட்டில் ஒரு நாயும் இருந்தால், "ரெண்டும் சரிப்பட்டு வராது சார்" என்று நர்சரிக்காரர் கையை விரிப்பார். அவர் சொல்வதில் பாதிதான் உண்மை. நாயால் புல்தரை கெடுவது பெரும்பாலும் இரண்டே வழிகளில்: ஒன்று சிறுநீர், இன்னொன்று ஓட்டம். தோண்டுவதையும் சேர்க்கலாம், ஆனால் எல்லா நாயும் தோண்டுவதில்லை. நாய் எங்கே ஒன்றுக்குப் போக வேண்டும், எந்தத் தடத்தில் ஓடும் என்பதைப் புல் போடுவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டால், மீதி எல்லாம் வழக்கமான தோட்ட வேலைதான். இதற்கென்று விற்கிற மாத்திரையும் பொடியும் வேண்டியதில்லை.

இங்கே சொல்வதெல்லாம் சென்னை, மதுரை, திருச்சி, கோவை போன்ற சமவெளி ஊர்களுக்கு. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் புல்லும் வேறு, பருவமும் வேறு.

1. புல் ஏன் கருகுகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

நாயின் சிறுநீரில் அமிலம் அதிகம், அதனால்தான் புல் கருகுகிறது என்று பலரும் நம்புகிறார்கள். அது சரியல்ல. காரணம் நைட்ரஜனும் உப்பும். நாய் இறைச்சி, முட்டை, பருப்பு என்று புரதம் நிறையத் தின்கிறது. அந்தப் புரதம் செரித்த கழிவு யூரியாவாகச் சிறுநீரில் வெளியேறுகிறது. உரக்கடையில் மூட்டையில் வாங்குகிறோமே, அதே யூரியா. ஒரு கைப்பிடி யூரியாவை ஒரே இடத்தில் கொட்டினால் எந்தப் புல்லும் கருகும். பரவலாகத் தூவித் தண்ணீர் பாய்ச்சினால் பச்சைப்பசேல் என்று வளரும். இங்கே நடப்பதும் அதுதான்.

கருகிய திட்டைக் குனிந்து பாருங்கள். நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு வைக்கோல் நிறத்தில் காய்ந்திருக்கும். அதைச் சுற்றி விளிம்பில் மட்டும் புல் கரும்பச்சையாக, மற்ற இடத்தைவிட உயரமாக நிற்கும். நடுவில் நைட்ரஜன் அளவுக்கு மீறிப்போனது. விளிம்பில் அதே நைட்ரஜன் உரமாக வேலை செய்தது. இந்தப் பச்சை வளையம் இருந்தால் அது நாயின் வேலை. வளையம் இல்லாமல் திட்டு நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனால் பூஞ்சை நோயாக இருக்கலாம். பிடித்து இழுத்ததும் புல் பாய் மாதிரி வேரில்லாமல் கழன்று வந்தால், அடியில் வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் வேர்ப்புழுவைத் தேடுங்கள். நாய் செய்யாத குற்றத்துக்கு நாயைத் திட்டுகிற வீடுகள் நிறைய.

பெண் நாய் இருக்கும் வீட்டில்தான் திட்டு அதிகம் என்பார்கள். பெண் நாயின் சிறுநீரில் தனி விஷம் எதுவும் கிடையாது. பெண் நாய் உட்கார்ந்து மொத்தத்தையும் ஒரே இடத்தில் விடுகிறது. வளர்ந்த ஆண் நாய் காலைத் தூக்கி, செடியில் கொஞ்சம், தூணில் கொஞ்சம், பக்கத்து வீட்டு பைக் சக்கரத்தில் கொஞ்சம் என்று பங்கு வைக்கிறது. குட்டிகள் ஆணானாலும் பெண்ணானாலும் உட்கார்ந்துதான் போகும். 20 கிலோ எடையுள்ள ஒரு நாய் ஒரு நாளைக்குச் சுமாராக 400 முதல் 800 மில்லி வரை சிறுநீர் கழிக்கும். அதில் பெரும்பங்கு, இரவெல்லாம் அடக்கிவைத்துக் காலையில் கதவைத் திறந்ததும் விடுகிற முதல் தடவைதான். இரவு முழுக்கத் தேங்கியதால் செறிவும் அப்போதுதான் அதிகம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு: போர்த்தண்ணீர். உப்புத் தண்ணீர் வருகிற இடத்தில் மண்ணில் ஏற்கெனவே உப்பு ஏறியிருக்கும். அதன்மேல் நாயின் சிறுநீரும் சேர்ந்தால் புல் சீக்கிரமே தோற்றுவிடும். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரை வீணாக்கக் கூடாது என்று லானில் விடுகிறவர்கள் அதை உடனே நிறுத்துங்கள். வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. வாஷிங் மெஷின் தண்ணீரும் வேண்டாம்.

2. புல் வாங்கும் முன் நாயைக் கவனியுங்கள்

ஒரு வாரம் சும்மா பாருங்கள். கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் நாய் எந்த வழியாக ஓடுகிறது? பால்காரர் வந்தால் எங்கே நின்று குரைக்கிறது? வெயில் நேரத்தில் எங்கே படுக்கிறது? அனேகமாக எல்லா நாயும் காம்பவுண்டுச் சுவரை ஒட்டியே ரோந்து போகும். சுவருக்கும் புல்லுக்கும் நடுவில் ஒரு தடம் தேய்ந்தே தீரும். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போன்ற வேட்டை நாய் இனங்கள் என்றால் கேட்கவே வேண்டாம். திடீரென்று ஒரு வேகம் வந்து வீட்டைச் சுற்றி ஓடும்போது, வளைவில் நகத்தால் புல்லை வேரோடு பெயர்த்துக்கொண்டு போகும்.

அந்தத் தடத்தில் புல் வளர்க்கப் போராடாதீர்கள். சுவரை ஒட்டி இரண்டடி, பெரிய நாயானால் மூன்றடி அகலத்துக்குப் புல்லே போடாமல் விடுங்கள். அங்கே செங்கல்லைப் பதிக்கலாம், அல்லது கடப்பா கல்லைத் துண்டு துண்டாகப் போட்டு இடையில் மணல் நிரப்பலாம். கூர்மையான ஜல்லி மட்டும் வேண்டாம், பாதம் கிழியும். கேட்டிலிருந்து வாசல்படிவரை நாய் ஓடும் நேர்வழியிலும் இதையே செய்யுங்கள். நடைபாதையை அழகுக்காக வளைத்துப் போடச் சொல்வார்கள். நாய் வளைந்து போகாது, குறுக்கேதான் போகும்.

அடுத்தது, கணக்கு. ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி. லேப்ரடார் அளவு நாய் ஒன்றுக்கு, நடைபாதை போக, குறைந்தது ஒரு சென்ட் புல்லாவது இருந்தால்தான் மிதிபட்ட இடம் தேறி வர அவகாசம் கிடைக்கும் என்பது என் அனுபவக் கணக்கு. 150 சதுர அடி முற்றமும் இரண்டு பெரிய நாய்களும் என்றால் புல்லை மறந்துவிட்டு மணலும் தொட்டிச் செடியும் வைப்பதே மேல்.

3. எந்தப் புல்?

நாய் வீட்டுக்கு என் ஓட்டு அருகம்புல்லுக்குத்தான். நர்சரியில் "பெர்முடா" என்று விற்பதும் அருகின் குடும்பமே. சிறுநீர் பட்டால் அருகும் கருகத்தான் செய்யும். அதைத் தாங்கும் புல் என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள். ஆனால் அருகு தரைக்கு மேலே கொடியாகவும், தரைக்குக் கீழே கிழங்கு வேராகவும் இரண்டு பக்கமும் ஓடுகிறது. சுற்றியிருக்கும் கொடிகள் கருகிய இடத்தை எட்டிப் பிடித்து மூடிவிடும். "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி" என்று கல்யாண வீட்டில் வாழ்த்துவது சும்மா இல்லை. ஒரே நிபந்தனை வெயில். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படாத இடத்தில் அருகு மெலிந்து, சோகை பிடித்தாற்போல் ஆகிவிடும்.

கொரியன் கிராஸ் பார்க்க வெல்வெட் மாதிரி இருக்கும். படத்தில் பார்த்து மயங்குவது இதற்குத்தான். வளர்ச்சி மெதுவு. ஒரு திட்டு கருகினால் அது மூடுவதற்குள் நாய் இன்னும் நான்கு திட்டு வைத்துவிடும். மெக்சிகன் கிராஸும் ஏறக்குறைய அதே ரகம். நாய் இல்லாத வீட்டுக்கு இரண்டும் நல்ல புல்.

மாமர நிழல், மாடி நிழல் உள்ள பக்கத்துக்கு "பஃபலோ கிராஸ்" என்று விற்கும் அகல இலைப் புல் வரும். மிதியை அருகு அளவுக்குத் தாங்காது. அதனால் நாய் அதிகம் ஓடாத பக்கமாகப் பார்த்துப் போடுங்கள். கடற்கரையை ஒட்டிய ஊரில், உப்புத் தண்ணீரே கதி என்றால் பாஸ்பாலம் என்ற புல்லைக் கேட்டுப் பாருங்கள். உப்பைத் தாங்குவதில் அதுதான் முன்னணி; கோல்ஃப் மைதானங்களில் போடுவார்கள். எல்லா நர்சரியிலும் கிடைக்காது.

4. தரையைத் தயார் செய்தல், நடவு

சென்னைப் பக்கமானால் ஆகஸ்ட், செப்டம்பரில் நட்டுவிட வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது வேர் பிடித்திருக்க வேண்டும். மழை நடுவில் நட்டால் மண்ணோடு அடித்துக்கொண்டு போய்விடும். கோவையில் ஜூன், ஜூலை நல்ல சமயம். சித்திரை வெயிலில் எந்த ஊரிலும் வேண்டாம்.

முக்கால் அடி ஆழத்துக்குக் கொத்திவிடுங்கள். கட்டட வேலையின்போது புதைத்த ஜல்லி, சிமெண்ட் கட்டி, ஆணி எல்லாவற்றையும் பொறுக்க வேண்டும். நாய் கால் வைக்கப்போகிற இடம் என்பதால் ஆணியில் இரட்டைக் கவனம். பிறகு தண்ணீர் விட்டு இரண்டு வாரம் சும்மா போடுங்கள். கோரை முளைக்கும். அதைக் கிழங்கோடு தோண்டி எடுங்கள். அறுத்துவிட்டால் போதும் என்று நினைத்தால், பிறகு காலம் முழுக்கக் கோரை பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இந்த இரண்டு வாரத்தைப் பொறுமையில்லாமல் தாண்டுகிறவர்கள்தான் பிறகு களைக்கொல்லியைத் தேடிப் போகிறார்கள். நாய் உள்ள வீட்டில் அதற்கு வேலையே வரக் கூடாது.

களிமண்ணாக இருந்தால் மணலும், நன்றாக மக்கிய தொழு உரமும் கலக்கவும். மணல்பாங்காக இருந்தால் செம்மண்ணும் தொழு உரமும். மக்காத சாணம் வேண்டாம். நாய் அதில் புரண்டுவிட்டு நேராக உங்கள் சோபாவுக்கு வரும். வீட்டுச் சுவரிலிருந்து வெளியே பத்தடிக்கு இரண்டு அங்குலம் சரிவு இருக்கட்டும். தண்ணீர் தேங்கும் புல்தரையை நாய் இரண்டே நாளில் சேறாக்கிவிடும்.

நடுவதற்கு மூன்று வழி. புல் பாயாக வாங்கி விரிப்பது வேகம், செலவு அதிகம். அருகுக் கொடியை இரண்டு மூன்று கணு உள்ள துண்டாக நறுக்கி, நான்கு அங்குல இடைவெளியில் குச்சியால் குழி போட்டு ஊன்றுவது மலிவு. மூன்றாவது, நறுக்கிய புல்லைச் சாணம், செம்மண்ணோடு கரைத்துக் குழம்பாக்கித் தரையில் பூசுவது. பெரிய இடத்துக்கு ஏற்றது. எப்படி நட்டாலும் நாய் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு உள்ளே போகக் கூடாது. பச்சையாகத் தெரிவதைப் பார்த்து நான்காவது வாரமே திறந்துவிட மனசு துடிக்கும். பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். வராமல் எதிர்த்து நின்றால்தான் வேர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

5. நாய்க்கு ஒரு மூலை

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

வீட்டுக்குப் பின்பக்கம், கிணற்றிலிருந்தும் போரிலிருந்தும் தள்ளி, ஆறடிக்கு ஆறடி இடம் ஒதுக்குங்கள். ஓரங்களில் செங்கல்லைச் செங்குத்தாக நட்டு, உள்ளே அரையடி ஆழத்துக்கு மணல் நிரப்புங்கள். ஆண் நாயானால் நடுவில் ஒரு பழைய மரக்கட்டையை நட்டு வையுங்கள். காலைத் தூக்க அதற்கு ஒரு சாக்கு வேண்டும்.

காலையில் கதவைத் திறந்தவுடன் நாயை அவிழ்த்து விடாதீர்கள். பட்டையில் பிடித்து நேராக அந்த மூலைக்குக் கூட்டிப்போங்கள். ஒரே சொல்லை ஒரே தொனியில் சொல்லுங்கள். "போ", "ஒன்னுக்கு", எதுவானாலும் சரி, வீட்டில் எல்லோரும் அதையே சொல்ல வேண்டும். அப்பா ஒரு சொல், பாட்டி ஒரு சொல் என்றால் நாய் குழம்பும். நீங்கள் பேசாமல் நிற்க வேண்டும். அது மோந்து பார்த்துக்கொண்டே சுற்றும், காக்கையைப் பார்க்கும், உங்கள் முகத்தைப் பார்க்கும். போய் முடித்த அந்த நொடியிலேயே ஒரு துண்டு பிஸ்கட் அல்லது வேகவைத்த ஈரல். வீட்டுக்குள் வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால் பயனில்லை; உள்ளே வந்ததற்குக் கூலி என்று எடுத்துக்கொள்ளும். பிறகு அவிழ்த்துவிட்டு விளையாட விடுங்கள். வேலை முடிந்தால்தான் விளையாட்டு என்பது அதற்குப் புரிய வேண்டும்.

முதல் சில நாள் மூலையில் வாசனை இருக்காது, அதனால் தயங்கும். அதன் சிறுநீரைத் துடைத்த துணியையோ ஒரு துண்டு மலத்தையோ அங்கே போட்டு வையுங்கள். குட்டிக்குச் சீக்கிரம் பழகிவிடும். நான்கைந்து வயது நாய்க்கு வாரக்கணக்கில் ஆகலாம். நூறு சதவீதம் வெற்றி எதிர்பார்க்காதீர்கள். காலை முதல் தடவை மூலைக்குப் போய்விட்டால் போதும், செறிவு அதிகமுள்ள பெரும்பகுதி அங்கேயே முடிந்தது. பகலில் புல்லில் எப்போதாவது உட்கார்ந்தால் அதைப் புல் தாங்கும்.

6. குழாயடியில் ஒரு வாளி

லானில் நாய் உட்காருவதைப் பார்த்தால் அது எழுந்து போனதும் அதே இடத்தில் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். வேகமாக வீசினால் வழிந்து பக்கத்தில்தான் போகும், பூவாளி நல்லது. நிமிஷக் கணக்கில் பதற வேண்டாம், ஆனால் சில மணி நேரத்துக்குள் ஊற்றிவிட வேண்டும். மாலையில் நினைவு வந்து ஊற்றினால் புல் அதற்குள் தண்டனையை வாங்கியிருக்கும். நல்ல தண்ணீராக இருந்தால், எரிக்க வேண்டிய அதே சிறுநீர் உரமாகிவிடும்.

இதற்குப் பதிலாகக் கடையில் விற்கும் மாத்திரை, நாயின் சாப்பாட்டில் கலக்கும் வினிகர், தக்காளிச் சாறு, சோடா உப்பு எல்லாம் காரணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வந்த வைத்தியங்கள். சிறுநீரின் அமிலத்தன்மையை மாற்றினால் புல்லுக்கு ஒன்றும் ஆகாது. நாய்க்குத்தான் சிறுநீர்ப்பையில் கல், தொற்று என்று புதுப் பிரச்சினை வரலாம். தாகம் எடுக்கட்டும் என்று சாப்பாட்டில் உப்பைக் கூட்டுவதும் அப்படியே. இதயம், சிறுநீரகக் கோளாறுள்ள நாய்க்கு அது ஆபத்து. நாய் அதிகம் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் உலர் தீவனத்தில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்துக் கொடுங்கள், நிழலில் இரண்டு இடத்தில் தண்ணீர் வையுங்கள். அவ்வளவே. கருகிய திட்டில் சோடா உப்பைத் தூவுவது இன்னும் மோசம். சோடா உப்பே சோடியம்தான்.

7. கருகிய திட்டைச் சரிசெய்தல்

முதலில் மூன்று நாள், காலையில் ஒரு வாளி வீதம் அந்தத் திட்டில் ஊற்றி உப்பைக் கீழே இறக்குங்கள். காய்ந்த புல்லை விரல்களை விரித்துச் சீப்புவதுபோல வாரி எடுங்கள். அருகின் கணு சில சமயம் உயிரோடு இருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே பச்சை தெரியும். தெரிந்தால் மேலே ஒரு விரல்கடை மணலும் மக்கிய எருவும் தூவித் தண்ணீர் விட்டால் போதும்.

முழுக்கச் செத்திருந்தால் மேல் மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மண் போடுங்கள். லானின் ஓரத்தில், நடைபாதைமேல் படர்ந்து வருகிற கொடிகளை எப்படியும் வெட்டி எறியத்தான் போகிறீர்கள். அவற்றையே கணுவோடு எடுத்து இங்கே ஊன்றுங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டாம். உள்ளங்கையால் அழுத்தி, தினமும் லேசாக நனைத்து, மேலே ஒரு பழைய பிளாஸ்டிக் காய்கறிக் கூடையைக் கவிழ்த்து கல் வையுங்கள். கூடை வெயிலையும் காற்றையும் விடும், நாயை விடாது. மழைக்காலத்தில் இரண்டு மூன்று வாரத்தில் மூடிவிடும். கத்திரி வெயிலில் இதைத் தொடங்காதீர்கள். ஜூன்வரை திட்டு திட்டாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

8. வெட்டு, தண்ணீர், உரம்

நாய் ஓடும் புல்லை ஒட்ட வெட்டக் கூடாது. ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் உயரம் இருக்கட்டும். ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். இலை அதிகம் இருந்தால் வேர் ஆழம் போகும், மிதியையும் தாங்கும். அதற்காக முழங்கால் உயரத்துக்கு விட்டால் பாம்பு வந்தால் கண்ணில் படாது.

தண்ணீரைத் தினமும் தெளிப்பதைவிட, வாரம் இரண்டு மூன்று தடவை ஆழமாக, விடியற்காலையில் பாய்ச்சுங்கள். கோடையில் வாரத்துக்கு 25 முதல் 35 மில்லிமீட்டர் வேண்டியிருக்கும். ஒரு சென்ட் இடத்துக்கு 25 மில்லிமீட்டர் என்றால் சுமார் 1,000 லிட்டர். தண்ணீர் லாரி வாங்கும் வீடானால் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு லானின் அளவை முடிவு செய்யுங்கள். எவ்வளவு விழுந்தது என்று அறிய, தெளிப்பானுக்கு அடியில் மேலும் கீழும் ஒரே அகலமுள்ள டப்பாவை வைத்து அளவுகோலால் அளந்தால் போதும்.

உரத்தில் கை இறுக்கம் வேண்டும். நாய் ஏற்கெனவே நைட்ரஜன் போட்டுக்கொண்டிருக்கிறது. நீங்களும் யூரியாவை அள்ளி வீசினால் புல் எரியும் விளிம்பிலேயே நிற்கும். பிறகு ஒரு சொட்டு விழுந்தாலும் கருகும். வருஷத்துக்கு இரண்டு முறை, மழை தொடங்கும் முன்னும் தை மாதத்திலும், சலித்த மண்புழு உரத்தை மணலோடு கலந்து மெலிதாகத் தூவுவது வீட்டு லானுக்குப் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நாய் மிதித்து இறுகிய இடங்களில் கூரான கம்பியால் நான்கு அங்குல ஆழத்துக்கு நெருக்கமாகக் குத்தி மணலை வாரிவிடுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் மிதிபட்டு வழுக்கையான இடம் உரத்தால் தேறாது. வேருக்குக் காற்று போனால்தான் தேறும்.

9. தோண்டும் நாய்

ஏன் தோண்டுகிறது என்று பாருங்கள். கோடையில் தோண்டி அந்தக் குழியிலேயே வயிற்றை வைத்துப் படுத்தால் அது குளிர்ச்சிக்காக. வேப்பமர நிழலில் மணல் கொட்டி நனைத்துவைத்தால் அங்கே போய்விடும். ஒரே இடத்தில் மூக்கை நுழைத்து உறுமிக்கொண்டு தோண்டினால் அடியில் பெருச்சாளி வளை இருக்கிறது. பெருச்சாளியை வெளியேற்றினால் நாயும் நிறுத்தும். அதற்கு எலி மருந்து வைத்துவிடாதீர்கள். மருந்தை நாயே தின்னும், அல்லது மருந்து தின்று செத்த எலியைத் தின்னும். பொறிதான் வழி. பொழுது போகாமல் தோண்டும் நாய்க்குப் புல்தரை சம்பந்தமான தீர்வு எதுவும் இல்லை. காலையும் மாலையும் வெளியே நடக்கக் கூட்டிப்போக வேண்டும்.

10. புல்லில் போடக் கூடாதவை

நாய் புல்லைத் தின்னும். நோயில்லாத நாயும் தின்னும், குறிப்பாக அருகின் இளந்தளிரை. அதனால் புல்லில் நீங்கள் போடுவது நாயின் வாய்க்குள் போகும் என்று எடுத்துக்கொண்டே எல்லாம் செய்ய வேண்டும்.

ஆமணக்குப் புண்ணாக்கு: உரமென்று மலிவாகக் கிடைக்கும், வாசனைக்கு நாய் ஓடி வரும். இதிலுள்ள ரிசின் கொடிய நச்சு. கொஞ்சம் தின்றாலும் வாந்தி, ரத்தப்போக்கு என்று போய் உயிரே போகலாம். வீட்டு வாசலுக்குள் கொண்டுவராதீர்கள். எலும்புத்தூள் விஷமில்லை, ஆனால் புதைத்த இடத்தையெல்லாம் நாய் தோண்டும். நிறையத் தின்றால் வயிற்றில் கட்டியாகி அடைக்கும். கரையானுக்கும் வேர்ப்புழுவுக்கும் தோட்டக்காரர்கள் "குருணை மருந்து" போடுவார்கள். முன்பு பரவலாகப் போட்ட ஃபோரேட் குருணையை இந்தியாவில் 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்துவிட்டார்கள். பழைய பொட்டலம் கொட்டகையில் கிடக்கிறதா என்று பாருங்கள், தோட்டக்காரரிடமும் கேளுங்கள். நத்தைக்குப் போடும் மெட்டால்டிஹைட் உருண்டையும் நாயைக் கொல்லும். மழைக்காலத்தில் நத்தை வந்தால் இரவில் ஈரச் சாக்கை விரித்துவைத்து, காலையில் அடியில் சேர்ந்தவற்றைக் கையுறையோடு பொறுக்கிவிடுவது நல்லது.

லான் ஓரத்தில் அழகுக்கு வைக்கிற சைகஸும் அரளியும் பலர் யோசிக்காத ஆபத்து. சைகஸின் எல்லாப் பாகமும் நஞ்சு, கொட்டை மிக மோசம், கல்லீரலைத் தாக்கும். அரளி இதயத்தைத் தாக்கும். குட்டி நாய் பல் முளைக்கும் பருவத்தில் எதையும் கடிக்கும் என்பதால், அந்தச் செடிகளை எடுத்துவிட்டுச் செம்பருத்தி வையுங்கள். இதில் எதையாவது தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள். தின்றதன் மிச்சத்தையும் பொட்டலத்தையும் கையோடு எடுத்துப்போங்கள்.

11. மலம், புழு, உண்ணி

மலத்தைத் தினமும் எடுக்க வேண்டும். "உரம்தானே, மக்கட்டும்" என்பது மாட்டுச் சாணத்துக்குச் சரி, நாய்க்குச் சரியல்ல. நாயின் மலத்தில் வரும் கொக்கிப்புழு முட்டை, ஈரமும் சூடும் உள்ள நம் மண்ணில் ஒரு வாரத்துக்குள் பொரிந்து, தோலைத் துளைக்கும் புழுவாகிவிடும். வெறுங்காலோடு விளையாடும் குழந்தையின் பாதத்தில் நெளிநெளியாகச் சிவந்து அரிக்கும் தடம் வருவது இதனால்தான். உருண்டைப் புழுவின் முட்டை தொற்றும் நிலைக்கு வரச் சில வாரம் எடுக்கும், பிறகு மண்ணில் மிக நீண்ட நாள் கிடக்கும். அன்றன்று எடுத்துவிட்டால் இரண்டுமே மண்ணுக்கு வராது. எடுத்ததைக் காய்கறிப் பாத்திக்கான உரக்குழியில் போடாதீர்கள். பூச்சி மருந்தை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பது என்று மருத்துவர் சொல்வார். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது பரவலான வழக்கம்.

உண்ணி லானிலிருந்துதான் வருகிறது என்று நினைத்துப் புல்லுக்கு மருந்தடிப்பவர்கள் உண்டு. நம் ஊர் நாய்களில் அதிகம் காணும் பழுப்பு உண்ணி, முட்டை வைப்பது பெரும்பாலும் சுவர் விரிசல், கூண்டு இடுக்கு, கார் ஷெட் மூலைகளில். அந்த விரிசல்களை அடையுங்கள், நாய்க்கு மருத்துவர் சொல்லும் மருந்தைப் போடுங்கள். புல்லை அளவாக வெட்டி வைத்தால் போதும்.

12. மழை வந்துவிட்டால்

அடைமழை நாட்களில் புல்தரையை மூடிவிடுங்கள். நனைந்து ஊறிய மண்ணில் ஒரு மாலை ஓட்டம், கோடையில் ஒரு மாத ஓட்டத்துக்குச் சமம். நான்கு மூங்கில் குச்சியும் கொஞ்சம் வலையும் இருந்தால் லானை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் ஆறும்போது இன்னொரு பக்கம் விடலாம். தண்ணீர் தேங்கி நின்று, எலியும் நடமாடும் இடமானால் எலிக்காய்ச்சல் பயமும் சேரும். தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள்.

ராத்திரி விளக்கடியில் தேரை வந்து உட்காரும். நாய் அதைக் கவ்வினால் உடனே வாயில் நுரை தள்ளும், தலையை உதறும். ஹோஸ் பைப்பைத் தொண்டைக்குள் பீய்ச்சாமல், வாயின் ஓரத்திலிருந்து தண்ணீர் வெளியே வழியும்படி தலையைச் சாய்த்துப் பிடித்துக் கழுவுங்கள். ஈறையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். தள்ளாடினாலோ வலிப்பு வந்தாலோ கழுவிக்கொண்டு நிற்க வேண்டாம், வண்டியை எடுங்கள். இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையின் எண்ணை மழைக்காலம் தொடங்கும் முன்பே விசாரித்துக் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டிவையுங்கள்.